கொல்விலங்கும் இரைவிலங்கும்: சங்கப் பாடல்களிலும் தென்னகச் சிற்பங்களிலும் பொருள்நிலை வேறுபாடுகள்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு விலங்கு மற்றொன்றைத் தாக்கும் காட்சி தென்னகக் கோயில்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. இக்காட்சியை வென்றவர்–தோற்றவர் என்னும் ஒற்றைச் சட்டகத்துள் அடக்கி, ஓர் அரசமரபு மற்றோர் அரசமரபை வென்றமைக்கோ ஒரு சமயம் மற்றொரு சமயத்தை வென்றமைக்கோ குறியீடாகக் கொள்வது பெருவழக்காகியுள்ளது. இவ்விளக்கம் எல்லா இடத்திற்கும் பொருந்துவதன்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. கொல்விலங்கும் இரைவிலங்கும் இணைந்து வரும் காட்சிகளை இணைநிலை, தொடர்நிலை, கலப்புநிலை, அமைதிநிலை என நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றும் ஆற்றலைப் பற்றி வெவ்வேறு கருத்தைக் கூறுவதை எடுத்துக்காட்டுகிறது. சங்கப் பாடல்களில் ஒலிக்கும் இரையின் குரல் கோயிற் சிற்பத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுவதையும், ஊர்ப்புற நடுகற்களில் அது மீண்டும் இடம்பெறுவதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: கொல்விலங்கு, இரைவிலங்கு, உள்ளுறை, யாளி, கயசிங்கம், மாமல்லபுரம், புலிகுத்திக்கல்.

1. முன்னுரை

மனிதன் தன் ஆற்றலையும் அச்சத்தையும் விலங்குகளின்மேல் ஏற்றிக் கூறுவது கலையின் மிகப் பழைய இயல்புகளுள் ஒன்று. பாரசீகத்தின் பெர்செபொலிசு அரண்மனைப் படிக்கட்டுச் சுவரில் சிங்கம் காளையின் பின்புறத்தைக் கவ்வுகிறது. சோழர் கோயிலின் அடித்தளத்தில் யாளிகள் வரிசையாக எழுகின்றன. கொனாரக்கில் சிங்கம் யானையின்மேல் பாய்ந்து நிற்கிறது. காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இக்காட்சிகள் பார்ப்பவரிடம் எழுப்பும் வினா ஒன்றே: இவற்றுள் வென்றவர் யார், தோற்றவர் யார்?

இவ்வினா இயல்பானதாயினும் அது ஒரு முன்முடிவைத் தன்னுள் கொண்டுள்ளது. இரண்டு விலங்குகள் மோதினால் அதன் பொருள் வெற்றியாகவே இருக்க வேண்டும் என்பது அம்முன்முடிவு. இம்முன்முடிவின் விளைவு ஆய்வுலகோடு நின்றுவிடுவதில்லை. கோயிலைக் காணவரும் மாணவர்க்கும் பயணிகட்கும் சொல்லப்படும் விளக்கமாக அது மாறும்போது, சான்றில்லாத சமயப் பகைமை ஒன்று கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதாக மக்கள் நம்பத் தொடங்குகின்றனர். ஆகவே இக்காட்சிகளின் பொருளை வரையறுப்பது கலைநுகர்வைச் சார்ந்த சிக்கலாக மட்டும் அமையாது, வரலாற்று உணர்வைச் சார்ந்த சிக்கலாகவும் அமைகிறது.

2. ஆய்வு எல்லையும் அணுகுமுறையும்

கொன்று தின்னும் விலங்கைக் கொல்விலங்கு என்றும், தாக்குதலுக்கு உள்ளாகும் விலங்கை இரைவிலங்கு என்றும் இக்கட்டுரை வழங்குகிறது. புலி, சிங்கம், யாளி, பாம்பு, பூனை ஆகியன முன்னதன்பாற்படும். யானை, மான், எலி ஆகியன பின்னதன்பாற்படும். எனினும் இப்பெயர்கள் விலங்கின் நிலையான இயல்பைக் குறிப்பனவல்ல. ஒரு காட்சியில் அது வகிக்கும் இடத்தையே குறிப்பன. ஒரு காட்சியில் கொல்விலங்காக நிற்பது மற்றொரு காட்சியில் இரையாகலாம் என்பதே இக்கட்டுரையின் மையக் கருத்துகளுள் ஒன்று.

இலக்கியச் சான்றுகளாக அகநானூறு, நற்றிணை, கலித்தொகை, புறநானூறு ஆகியவற்றின் சில பாடல்களும், சிற்பச் சான்றுகளாக மாமல்லபுரம், தஞ்சாவூர், பேலூர், திருவரங்கம் ஆகிய இடங்களின் படைப்புகளும், கொங்குநாட்டு நடுகற்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பாடலைச் சிற்பத்தின் நேரடி மூலமாகக் கொள்வது இங்கு நோக்கமன்று. இரண்டிற்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன. விலங்கு மோதலைக் குறித்து இப்பண்பாட்டில் எத்தகைய சிந்தனைகள் இயன்றன என்பதை அறியப் பாடல்கள் துணைநிற்கின்றன என்பதே இங்குக் கொள்ளப்படும் நிலைப்பாடு.

3. சங்கப் பாடல்களில் மோதல்

தொல்காப்பியம் விலங்கைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைக்கிறது. தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு உள்ளுறை உவமம் பிறக்கும் என்பதும் அதன் கொள்கை. எனவே அகப்பாடலில் புலியும் யானையும் மோதினால், அது காட்டின் வருணனையாக நிற்பதோடு மாந்தர் வாழ்வின் ஒரு நிலையையும் உணர்த்த வல்லதாகிறது. இம்மோதல் எவ்வெவ்வாறு அமைகிறது என்பதை மூன்று கூறுகளாகக் காணலாம்.

3.1 முடிவு உறுதியற்ற களம்

சங்கப் பாடல்களில் புலி எப்போதும் வெல்வதில்லை. கலித்தொகையின் 52ஆம் பாடலில் தன் காதின் மறைவில் பாய்ந்த புலியை யானை தன் கொம்பால் குத்திப் பகைதீர்க்கிறது. அச்செயலுக்குத் துரியோதனனின் தொடையை முறித்த வீமன் உவமையாகிறான். அதே நூலின் 38ஆம் பாடலில் யானை புலியெனக் கருதிப் பூத்த வேங்கை மரத்தைக் குத்துகிறது. குத்திய கொம்பை மீட்க இயலாது மலை எதிரொலிக்கக் கதறுகிறது. இமயத்தின் அடியில் கையகப்பட்டு வருந்திய இராவணன் அதற்கு உவமை.

இவ்விரு பாடல்களையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலனாகும். முன்னதில் யானையின் சினம் உரிய பகைமேல் செல்கிறது. அதனால் அது வீமனாகிறது. பின்னதில் அச்சினம் பகையல்லாத ஒன்றின்மேல் செல்கிறது. அதனால் அது இராவணனாகிறது. யானையின் உடல்வலிமை இரண்டிலும் ஒன்றே. வேறுபடுவது அதன் தெளிவு. வேங்கை என்னும் ஒரு சொல் புலியையும் மரத்தையும் குறிப்பதால், மொழியே இம்மயக்கத்திற்குக் களம் அமைத்துக் கொடுக்கிறது. இரைவிலங்கின் வீழ்ச்சிக்குக் கொல்விலங்கு நேரில் வரவேண்டுவதில்லை. அதைப் பற்றிய அச்சமே போதுமானது என்னும் நுண்ணிய கருத்தை இப்பாடல் கொண்டுள்ளது.

3.2 இரையின் துயர்

நற்றிணையின் 47ஆம் பாடலில் களிற்றைப் புலி கொன்றுவிட்டது. ஆனால் பாடல் புலியைப் பின்தொடரவில்லை. நடக்கவும் இயலாது வருந்தும் பிடி, ஆம்பலினத்து நெய்தலின் இலையை ஒத்த காதுகளையுடைய கன்றைத் தழுவிக்கொண்டு நிற்கும் காட்சியில் அது நிலைகொள்கிறது. கொலை ஒரு தொடரில் முடிந்துவிடுகிறது. அதன் விளைவே பாடலின் பரப்பை நிறைக்கிறது. தலைவனது நாட்டைச் சிறப்பிக்கும் அடையாக இக்காட்சி வருவதால், அவன் செயலால் துணையின்றித் துன்புறும் தலைவியின் நிலையோடு இதனை இயைத்துக் காண்பதற்கு உள்ளுறை இடமளிக்கிறது.

வேட்டையைப் பாடும் கலைமரபுகளில் பார்வை பெரும்பாலும் வேட்டையாடுவோனிடமே தங்கிவிடும். இங்கு அது எஞ்சியிருப்போரிடம் தங்குகிறது. இந்நிலை பின்னாளைய கோயிற் சிற்பத்தில் எவ்வாறு மாறுகிறது என்பது கருதத்தக்கது.

3.3 கொல்விலங்கின் நெறி

இடப்பக்கம் வீழ்ந்த இரையைப் புலி உண்ணாது என்னும் நம்பிக்கை சங்கப் பாடல்களில் பயின்று வருகிறது. அகநானூற்றின் 29ஆம் பாடல், பசியால் உயிர் வாடினும் இடப்பக்கம் வீழ்ந்த களிற்றைத் தின்னாத புலியினும் உயர்ந்த உள்ளத்தைப் பேசுகிறது. சோழன் நல்லுருத்திரன் பாடிய புறநானூற்று 190ஆம் பாடல் இந்நம்பிக்கையை நட்பின் இலக்கணமாக்குகிறது. விளைந்த கதிர்களைத் திருடி வளையில் சேர்த்துவைக்கும் எலி ஒருபுறம். பன்றி இடப்பக்கம் வீழ்ந்ததால் அன்று உண்ணாதிருந்து, மறுநாள் பெருங்களிற்றை வலப்பக்கம் வீழ்த்தும் புலி மறுபுறம். எலி போன்றாரின் நட்பை விலக்கிப் புலி போன்றாரின் நட்பை வேண்டுகிறான் அரசன்.

இங்குப் புலி உயர்வு பெறுவது கொல்வதனால் அன்று; கொன்றும் உண்ணாதிருக்க வல்லதாய் இருப்பதனால். ஆற்றலுக்கு ஒரு வரம்பு உண்டு என்றும், அவ்வரம்பே ஆற்றலை மாண்புடையதாக்குகிறது என்றும் ஒரு சோழ அரசன் பாடியிருப்பது குறிப்பிடத்தக்கது. புலி சோழரின் இலச்சினை என்பதை நினைவிற் கொண்டால் இப்பாடலின் அரசியல் உட்பொருள் மேலும் விளக்கமுறும்.

4. இணைநிலை: சிங்கமும் யானையும்

ஒரு கொல்விலங்கும் ஓர் இரைவிலங்கும் மட்டும் நேர்நின்று அமையும் காட்சியை இணைநிலை எனலாம். இதன் சிறந்த வடிவம் கயசிங்கம், அதாவது யானைமேல் பாயும் சிங்கம். தமிழ்நிலத்துக் காடுகளுக்குரிய கொல்விலங்கு புலியே. சிங்கம் இலக்கிய மரபாலும் அரச மரபாலும் இங்குப் பெருவழக்குற்றது. யானையின் மத்தகத்தைப் பிளக்கும் சிங்கத்தின் நகங்களிலிருந்து முத்துகள் சிதறும் என்பது வடமொழிக் காப்பிய மரபு. காளிதாசனின் குமாரசம்பவத்து முதற்சருக்கம் இக்கருத்தை ஆள்கிறது. தமிழ்மரபில் யானையின் மருப்பில் முத்துப் பிறக்கும் என்பர். இரண்டிலும் இரையின் உடல் செல்வம் பொதிந்ததாகக் கருதப்படுவது ஒப்புநோக்கத்தக்கது.

கயசிங்கத்தை இந்து சமயம் பௌத்தத்தை வென்றமைக்குக் குறியீடாகக் கூறுவது, சிறப்பாக முதலாம் நரசிம்மதேவன் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கொனாரக் கோயிலைப் பற்றிப் பேசுமிடத்துப் பலராலும் கேட்கப்படும் விளக்கம். யானை பௌத்தத்தைக் குறிக்கும், சிங்கம் அதனை வென்ற சமயத்தைக் குறிக்கும் என்பது அதன் சாரம். இவ்விளக்கத்தை மூன்று சான்றுகள் மறுக்கின்றன.

முதலாவது, சிங்கம் பௌத்தத்திற்கு அயலான விலங்கு அன்று. புத்தர் சாக்கியர்களின் சிங்கம் எனப் போற்றப்படுகிறார். அசோகனின் சாரநாத் தூண்முடியில் நான்கு சிங்கங்கள் மேலே நிற்கின்றன. அவற்றின் கீழுள்ள வட்டப் பலகையில் யானை, காளை, குதிரை, சிங்கம் ஆகியன சுற்றிவருகின்றன. சிங்கம் மேலும் யானை கீழுமான அடுக்கை இங்குப் பௌத்தச் சின்னமே கொண்டுள்ளது.

இரண்டாவது, புத்தர் அமர்ந்துள்ள அரியணையின் இரு பக்கங்களிலும் யானையின்மேல் எழுந்து நிற்கும் சிங்க வடிவிலான வியாளம் செதுக்கப்படுவது குப்தர் காலத்தும் பாலர் காலத்தும் வழக்கமாயிருந்தது. தன் சமயத்தின் தோல்வியைத் தன் ஆசானின் அரியணையிலேயே ஒரு சிற்பி செதுக்கியிருப்பான் எனக் கொள்வது பொருந்தாது.

மூன்றாவது, சமயப் போட்டியை விலங்கு வடிவில் காட்ட விரும்பியபோது இம்மரபு அதனை மறைத்துக் காட்டவில்லை. கதையோடும் பெயரோடும் வெளிப்படையாகவே காட்டியது. நரசிம்மரின் சினத்தை அடக்கச் சிவன் சரபமாக வந்தார் என்பது சைவமரபு. மூன்றாம் குலோத்துங்கன் எழுப்பிய திரிபுவனம் கம்பகரேசுவரர் கோயிலில் சரபருக்குத் தனிச் சன்னிதி உண்டு. சரபத்தையும் வெல்லும் கண்டபேருண்டப் பறவையாகத் திருமால் வந்தார் என வைணவர் விடையிறுத்தனர். எனவே சமய விளக்கமே கூடாது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. நூற்சான்றும் வழிபாட்டுச் சான்றும் உள்ளவிடத்து அது ஏற்கத்தக்கது; அவை இல்லாதவிடத்து அது பிற்கால ஊகமே.

அவ்வாறாயின் கயசிங்கம் உணர்த்துவது யாது? அது அமைந்துள்ள இடங்களை நோக்குக. அரியணையின் பக்கம், படிக்கட்டின் கைப்பிடிச் சுவர், வாயில், தூண், விமானத்தின் முகப்பு ஆகியவற்றில் அது அமைகிறது. இவையனைத்தும் எல்லைகள். உள்ளே இருப்பதன் ஆற்றலை வெளியிலிருந்து வருவோர்க்கு உணர்த்தும் இடங்கள். நிலவாழ் உயிர்களுள் பேருருவுடைய யானையே அடங்கும் இடம் இது என்பது அதன் கூற்று. யானை இங்குப் பகைவரைக் குறிப்பதில்லை, அளவுகோலாக நிற்கிறது. இரை பெரிதாயின் அன்றி ஆற்றல் விளங்காது.

5. தொடர்நிலை: வென்றதை வெல்வது

ஒரு கொல்விலங்கை மற்றொரு கொல்விலங்கு வெல்வதாக அடுக்கிச் செல்வது தொடர்நிலை. இதன் தெளிவான சிற்பச் சான்று, போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் 1117இல் எடுப்பித்த பேலூர்ச் சென்னகேசவர் கோயிலில் உள்ளது. மானை மலைப்பாம்பு பற்றுகிறது. பாம்பை யானையும், யானையைச் சிங்கமும், சிங்கத்தைச் சரபமும், சரபத்தைக் கண்டபேருண்டமும் பற்றுகின்றன. இவையனைத்தையும் வியந்து நோக்கும் முனிவர் ஒருவரும் அருகில் உள்ளார்.

இணைநிலையில் பார்வையாளர் வென்ற விலங்கோடு தம்மை இணைத்துக்கொள்ள இயலும். தொடர்நிலையில் அது இயலாது. சிங்கத்தின் பக்கம் நின்றால் அடுத்த கணமே இரையின் பக்கம் நிற்க நேர்கிறது. எந்த ஆற்றலும் தனக்கு மேலானதன் வாயில் உள்ளது என்பதே இவ்வமைப்பின் பொருள். முனிவரின் உருவம் இங்குக் கூட்டப்பட்டிருப்பது தற்செயலன்று. தொடரில் ஓர் உறுப்பாகாமல் அதனை முழுமையாகக் காண்பவர் அவர் ஒருவரே. வெற்றியை நாடாத பார்வைக்கே இத்தொடர் தொடராகத் தோன்றும்.

இத்தொடர்நிலை கருநாடகச் சிற்பிகள் புதிதாகக் கண்டதன்று. நற்றிணையின் 205ஆம் பாடல் புலியைக் கொன்ற களிற்றை ஆளி இழுத்துச் செல்லும் காட்டைக் காட்டுகிறது. புலி, களிறு, ஆளி என மூன்று படிகள் ஒரே தொடரில் அடுக்கப்பட்டுள்ளன. வேட்டைக்கு எழுந்த புலி இரையாயிற்று. அதனை வென்ற களிறும் இரையாயிற்று. பொருள்வயிற் பிரிந்து செல்ல எண்ணும் தலைவன் கடக்கவேண்டிய காடு அது. ஆற்றல் மிக்க எதுவும் தன் ஆற்றலை நம்பி உயிரோடு வெளியேற உறுதியில்லாத வழி என்பதை ஒரு தொடரே உணர்த்திவிடுகிறது. பேலூர்ச் சிற்பத்துக்கும் இப்பாடலுக்கும் நேரடித் தொடர்பு கூற இயலாது. எனினும், வெற்றியைச் சார்புடைய ஒன்றாகக் காணும் சிந்தனை தென்னகத்தில் மிகப் பழையது என்பதற்கு இது சான்றாகும்.

முதலாம் இராசராசன் 1010இல் நிறைவுசெய்த தஞ்சைப் பெரிய கோயிலின் வாயிற்காவலர் சிற்பத்தில் இத்தொடர்நிலை மற்றொரு வடிவம் கொள்கிறது. காவலரின் கதையைச் சுற்றிய பாம்பு ஒரு யானையை விழுங்குகிறது. யானையின் உருவளவை நாம் அறிவோம். அதனை விழுங்கும் பாம்பின் அளவை அதனால் உய்த்துணர்கிறோம். அப்பாம்பு ஒரு படைக்கருவியில் சுற்றிய கொடிபோல் தோன்றுமாயின் காவலரின் அளவு எத்தகையது? அக்காவலர் வியப்புக் குறிப்போடு கைகாட்டி நிற்கும் இறைவனின் அளவு எத்தகையது? இங்குக் கொல்லுதல் கருப்பொருளன்று; அளவையின் படிநிலையே கருப்பொருள். கல்லில் சொல்ல இயலாத பேரளவை, யாவரும் அறிந்த ஓர் இரைவிலங்கைக் கொண்டு சிற்பி சொல்லிவிடுகிறார். இதனை ஏதேனும் ஓர் அரசு மற்றோர் அரசை விழுங்கியதாக விளக்கினால் சிற்பியின் கருத்து முற்றிலும் மறைந்துபோகும்.

6. கலப்புநிலை: யாளி

கொல்விலங்கின் உடலிலேயே இரைவிலங்கின் உறுப்பு அமைவது கலப்புநிலை. யாளி இதற்குச் சான்று. சங்கப் பாடல்களில் ஆளி யானையை வெல்லும் தனி விலங்கு. அகநானூற்றின் 381ஆம் பாடலில் அது யானையின் வெண்கொம்பைப் பறித்து அதன் குருத்தைத் தின்கிறது. கோயிற் கலையில் இவ்வடிவம் பல்கிப் பெருகியது. சிங்க முகமுடையது சிம்ம யாளி. துதிக்கையும் தந்தமும் உடையது யானை யாளி.

பல்லவர் கலையில் தூணின் அடியில் அமர்ந்த சிங்கம் தாங்கும் உறுப்பாக அமைகிறது. இராசசிம்மன் காலத்துக் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் அது பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. சோழர் கோயில்களின் அதிட்டானத்தில் யாளிவரி தொடர்ச்சியான பட்டையாக ஓடுகிறது. விசயநகர, நாயக்கர் கால மண்டபங்களில் யாளி தூணின் முழு உயரத்திற்கும் எழுந்து, காலடியில் யானையையோ மகரத்தையோ கொண்டு நிற்கிறது. அமர்ந்து தாங்கியது, எழுந்து பாய்வதாக மாறிய வரலாறு இது.

யானை யாளியில் ஓர் உள்முரண் உண்டு. எதனைக் கொல்கிறதோ அதன் முகத்தையே அது தாங்கியுள்ளது. வெற்றி–தோல்விச் சட்டகத்தால் இதனை விளக்க இயலாது. வென்றதன் ஆற்றல் வென்றவனுள் சேர்கிறது என்னும் கருத்தே இதற்கு இயைபுடையதாகத் தோன்றுகிறது. சிவன் யானையை உரித்து அதன் தோலைப் போர்த்திய கதையிலும், வழுவூர்த் திருத்தலத்தில் போற்றப்படும் அவ்வடிவத்திலும் இக்கருத்து உண்டு. அழிக்கப்பட்டது எறியப்படுவதில்லை; உடையாகவும் உறுப்பாகவும் ஏற்கப்படுகிறது. தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தையும் இவ்விடத்து எண்ணிப் பார்க்கலாம். அங்கு மோதலே இல்லை. இருவேறு உடல்களைப் பார்வையே பிரித்தும் சேர்த்தும் காண்கிறது. விலங்கின் வடிவெல்லைகள் உறுதியானவையல்ல என்பதில் இச்சிற்பிகள் தெளிவுடையோராய் இருந்தனர்.

7. அமைதிநிலை: மாமல்லபுரத்துப் பாறை

பகை விலங்குகள் பகையின்றி ஒரே களத்தில் அமைவது அமைதிநிலை. 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் படைப்பாகிய மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் இதற்கு ஒப்பற்ற சான்று. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுள்ள இப்பரப்பை அருச்சுனன் தவம் என்பாரும் கங்கை இறங்கும் காட்சி என்பாரும் உளர். எவ்வாறு கொள்ளினும் தவமே அதன் மையம். சிங்கங்களும் மான்களும் ஒரே பாறையில் உள்ளன. ஒன்றும் ஓடவில்லை; ஒன்றும் பாயவில்லை. தவம் நிகழுமிடத்தில் பகை ஒழியும் என்னும் பழங்கருத்து இங்கு உருப்பெற்றுள்ளது.

இவ்வமைதியின் நடுவே, பெரிய யானையின் காலடியில், முன்னங்கால்களை மேலே தூக்கிப் பின்னங்கால்களில் நிற்கிறது ஒரு பூனை. அதனைச் சுற்றி எலிகள். மேலே கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் நிற்கும் தவசியின் நிலையை அது அப்படியே ஒத்துள்ளது. இதனைப் பொய்த்தவத்தின் எள்ளலாகக் கொள்வது பொதுவழக்கு. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் கங்கைக்கரையில் தவக்கோலம் பூண்டு எலிகளை நம்பச்செய்து தின்ற பூனையின் கதை உண்டு.

அக்கதையைச் சொல்பவர் யார் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். உலூகன் வாயிலாகத் தருமனுக்கு விடுத்த செய்தியில் துரியோதனன் கூறும் கதை அது. தருமனே அப்பூனை என்பது அவன் பழிப்பு. அறத்தின்வழி நிற்பவனைப் பொய்யன் எனப் பழிப்பதற்குச் சூழ்ச்சிக்காரன் கையாண்ட கதை அது. ஆகவே கதையே தன்னளவில் பூனை யார் என்னும் வினாவுக்கு உறுதியான விடை தருவதில்லை. யார் வாயில் வழங்குகிறது என்பதைப் பொறுத்து அது திரும்பும்.

சிற்பியும் விடை தரவில்லை. பூனை எலியைப் பற்றும் கணத்தை அவர் செதுக்கியிருக்கலாம், செதுக்கவில்லை. மெய்த்தவசியும் பொய்த்தவசியும் ஒரே நிலையில் நிற்க, கண்ணால் மட்டும் அவர்களைப் பிரித்தறிய இயலாது என்பதையே காட்டி அமைகிறார். எல்லா உயிரும் பகை மறந்த களத்தில் பூனையும் உண்மையாகவே மாறியிருக்கக் கூடும்; மாறாதும் இருக்கக் கூடும். அதனை அறியவேண்டிய தேவை பூனைக்கு இல்லை, எலிக்கே உண்டு. தெளிவே இரையின் காவல் என வேங்கை மரத்தைக் குத்திய யானையின் பாடல் உணர்த்தியதை, இச்சிற்பம் மறுதலையாக உணர்த்துகிறது. அங்கு வீண் அச்சம் இரையை வீழ்த்தியது; இங்கு வீண் நம்பிக்கை வீழ்த்தக் கூடும். அரசன் எடுப்பித்த பெரும்படைப்பில் இரையின் பக்கம் நின்று எண்ணிப்பார்க்க அழைக்கும் இடமாக இச்சிறு மூலை விளங்குகிறது.

8. புலிகுத்திக்கல்: இரையின் காவலன்

கோயிற் சிற்பத்தில் கொல்விலங்கை வெல்லும் மனிதன் பெரும்பாலும் அரசனாகவோ வீரர்தலைவனாகவோ தோன்றுகிறான். திருவரங்கம் சேசராயர் மண்டபத்துத் தூண்களில் குதிரைகள் எழுந்து நிற்க, அவற்றின்மேலுள்ளோர் வேங்கைகளை ஈட்டியால் குத்துகின்றனர். போசளரின் இலச்சினையில் சளன் என்னும் முன்னோன் புலியைக் கொல்கிறான். அவ்வெற்றியிலிருந்தே மரபின் பெயர் தோன்றியதாகக் கதை வழங்குகிறது. இங்கெல்லாம் மனிதன் உயிரோடு நிற்கிறான்; அவனிடமிருந்து ஓர் அரசு தொடங்குகிறது அல்லது பொலிவுறுகிறது.

கொங்குநாட்டுப் புலிகுத்திக்கற்களில் அமைப்பு ஏறத்தாழ அதுவே. எழுந்து பாயும் புலியை ஒருவன் வாளாலோ ஈட்டியாலோ குத்துகிறான். பொருளோ முற்றிலும் வேறு. பட்டியிலுள்ள ஆநிரையைக் காக்கப் புலியோடு பொருது உயிர்நீத்தவனுக்கு ஊரார் எடுத்த கல் அது. கல்லில் குத்துபவன் வெல்வதுபோல் தோன்றினும் அக்கல் நடப்பட்டதற்குக் காரணம் அவன் இறப்பே. வெற்றியும் இழப்பும் ஒரே காட்சியில் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

நற்றிணைப் பாடல் கன்றைத் தழுவி நின்ற பிடியின் வழியாகப் பேசியதை, இக்கல் இறந்தவனின் உறவினர் வழியாகப் பேசுகிறது. கால்நடையை நம்பி வாழ்ந்த ஊருக்குப் புலி ஆற்றலின் அழகிய உருவகம் அன்று. இரவில் வேலி தாண்டும் இழப்பு. அரண்மனைக்கும் பட்டிக்கும் இடையே ஒரே விலங்கு எத்துணைப் பொருள்மாற்றம் அடைகிறது என்பதை இவ்வொப்பீடு புலப்படுத்துகிறது. இக்கற்கள் பல வயல்வெளிகளிலும் சாலையோரங்களிலும் காவலின்றி நிற்பதால், விலங்குருவக ஆய்வில் இவற்றுக்குக் கோயிற் சிற்பத்திற்கு நிகரான இடம் அளிக்கப்படுதல் இன்றியமையாதது.

9. முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. கொல்விலங்கு–இரைவிலங்குக் காட்சிகள் அனைத்தும் வெற்றியையே குறிப்பனவல்ல. இணைநிலை ஆற்றலின் எல்லையையும், தொடர்நிலை ஆற்றலின் நிலையாமையையும் அளவையையும், கலப்புநிலை ஆற்றல் உட்கொள்ளப்படுவதையும், அமைதிநிலை ஆற்றல் அடங்குவதையும் கூறுகின்றன.

2. கயசிங்கத்தைப் பௌத்தத்தின் தோல்வியாகக் கொள்ளும் விளக்கம், அவ்வடிவம் புத்தரின் அரியணையிலேயே இடம்பெற்றமையால் வலுவிழக்கிறது. சரபம், கண்டபேருண்டம் போன்று நூற்சான்றும் வழிபாட்டுச் சான்றும் உடையவற்றுக்கே சமயப்போட்டி விளக்கம் பொருந்தும்.

3. ஒரு காட்சியின் பொருளை வரையறுக்கும்முன் அது கட்டடத்தில் அமைந்துள்ள இடம், காட்டப்பட்டுள்ள கணம், பங்குகொள்ளும் விலங்குகளின் எண்ணிக்கை, எடுப்பித்தவர் ஆகிய நான்கையும் ஆராய்தல் வேண்டும். இவற்றை விடுத்து விலங்கின் பெயரை மட்டும் கொண்டு பொருள் கூறுதல் பிழைபடும்.

4. சங்கப் பாடல்கள் மோதலின் முடிவை உறுதியற்றதாக வைத்து, கொல்விலங்கின் நெறியையும் இரையின் துயரையும் ஒருங்கே பாடின. கோயிற் சிற்பம் பெரும்பாலும் முன்னதன் பொலிவையே வளர்த்தது. பின்னதன் குரல் மாமல்லபுரத்து எலிகளிடத்தும் ஊர்ப்புறப் புலிகுத்திக்கற்களிலும் எஞ்சியுள்ளது.

எனவே சிற்பத்தின்முன் நிற்கும் மாணவரிடம் வென்றது யார் எனக் கேட்பதோடு நில்லாமல், இதனை யாருடைய கண்கொண்டு செதுக்கினர் என்றும் கேட்கப் பயிற்றுதல் பயனுடையதாகும். புலிகுத்திக்கற்களை வட்டாரந்தோறும் அளவிட்டு, உருவ அமைதி, எழுத்து, நடப்பட்ட இடம் ஆகியவற்றோடு தொகுப்பது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க பணியாகும்.